ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் போதுமா? ஈயத்தோடு வேலை செய்பவர் தன் ரத்தப் பரிசோதனையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஈயத்தோடு வேலை செய்யும் ஒருவர் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை முடிந்து கையில் ஒரு தாளோடு வெளியே வருகிறார். ஹீமோகுளோபின் 14 கிராம். "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளில் ஈயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஈயம் ரத்தத்தைக் கெடுப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு நொதி முடங்கும், பிறகு சில வேதிப்பொருள்கள் தேங்கும், பிறகு சிவப்பணுக்களின் ஆயுள் குறையும். ஹீமோகுளோபின் சரிவது இவ்வளவும் நடந்த பிறகுதான். கடைசியாக வருவதை மட்டும் அளந்துவிட்டு "நலம்" என்று எழுதினால், அதற்கு முன் நடந்த அத்தனையும் கண்ணில் படாமல் போகும். ஆகவே இந்த வழிகாட்டியை, ஈயம் உடம்புக்குள் போகும் அதே வரிசையில் அமைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் "ஈயம்" என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நச்சு காரீயத்தில்தான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்றால் வெள்ளீயம். பேட்டரித் தகட்டில் இருப்பது காரீயம். பழைய வகை சால்டர் கம்பியில் இரண்டும் கலந்திருக்கும். இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம் மட்டுமே.

படி 1: உங்கள் வேலையில் ஈயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பேட்டரி தயாரிப்பவர்களுக்கும், பழைய பேட்டரியை உடைத்து உருக்குபவர்களுக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் மற்றவர்கள்தான்: பழைய பாலத்தின் பெயின்ட்டை மணல் பீய்ச்சிச் சுரண்டுபவர், பழைய கட்டடத்தின் கதவு ஜன்னலைத் தேய்ப்பவர், ரேடியேட்டர் பழுது பார்ப்பவர், கப்பலை வெட்டிப் பிரிப்பவர், பித்தளை வார்ப்பவர், பீங்கானுக்கு மெருகுப் பூச்சு கலப்பவர், பிவிசி பொருளுக்கு நிலைப்படுத்தும் தூளை எடை போடுபவர், மின்னணுக் கழிவைப் பிரிப்பவர், துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தைப் பெருக்குபவர்.

"எங்கள் இடத்தில் ஈயமே இல்லை" என்று யாராவது சொன்னால், மூலப்பொருளோடு வந்த பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய பெயின்ட் என்றால் ஒரு சுரண்டலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வெறும் கண்ணால் பார்த்து ஈயத்தூசியை மற்றத் தூசியிலிருந்து பிரித்தறிய முடியாது.

படி 2: அது எந்த வழியாக உள்ளே போகிறது என்று பாருங்கள்

இரண்டு வழிகள்: மூக்கு, வாய். ஈயம் உருகுவது சுமார் 327 டிகிரி செல்சியஸில். அதற்கு மேலே சூடு ஏற ஏற, குறிப்பாக 500 டிகிரியைத் தாண்டும்போது, புகை அதிகமாகக் கிளம்பும். அந்தப் புகையிலுள்ள துகள்கள் மிக நுண்ணியவை, நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். அறுப்பது, தேய்ப்பது, பெருக்குவது ஆகியவற்றில் எழும் தூசி சற்றுப் பெரியது. அது கையில், மீசையில், உடுப்பில், செல்போனில் ஒட்டிக்கொண்டு, டீ குடிக்கும்போதும் பீடி பிடிக்கும்போதும் வாய்க்குப் போகும். பெரியவர்களின் குடல் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சும். வெறும் வயிற்றில் இன்னும் கூடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தவர்களுக்கு அதற்கும் மேல். சாதாரண ஈயமும் அதன் ஆக்சைடுகளும் தோல் வழியாக அவ்வளவாகப் போவதில்லை. பெட்ரோலில் ஒரு காலத்தில் கலந்த டெட்ராஎத்தில் ஈயம் போன்ற கரிமச் சேர்மங்கள் மட்டும் தோலையே ஊடுருவும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1910-ஆம் ஆண்டு வாக்கில் ஈயத் தொழில்களை ஆய்வு செய்தார் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர். தொழிலாளி கை கழுவுவதில்லை, அதனால்தான் நோய் வருகிறது என்பது அன்றைய முதலாளிகளின் விளக்கம். காற்றில் மிதக்கும் தூசியும் புகையும்தான் முதன்மைக் காரணம் என்று அவர் திரும்பத் திரும்ப வாதாடினார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, "கை கழுவு" என்ற பலகை மட்டும் தொங்கும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. கை கழுவ வேண்டும்தான். ஆனால் காற்றைக் கழுவாமல் கையை மட்டும் கழுவி என்ன பயன்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் 10 கன மீட்டர் காற்றை மூச்சில் இழுக்கிறார். அப்படியானால் ஒரு நாளில் உள்ளே போய்வருவது 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். அதில் ஒரு பகுதிதான் உடம்பில் தங்கும். மறுபக்கம், ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 10 மைக்ரோகிராம் ஈயம் உள்ள ஒருவரின் மொத்த ஐந்து லிட்டர் ரத்தத்திலும் சேர்த்து இருப்பதும் அதே அரை மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகைத் தூசி எவ்வளவு பெரியது என்று இப்போது புரியும்.

படி 3: ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பரிசோதனைத் தாளில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் பொருள் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இந்தப் படியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரத்தத்துக்குள் வரும் ஈயத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் சிவப்பணுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே அது முதலில் பற்றிக்கொள்வது ஒரு நொதியை. அதன் சுருக்கப் பெயர் ஏஎல்ஏடி. ஹீமோகுளோபினின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருள் எட்டுக் கட்டங்களில் தயாராகிறது. இந்த நொதி இரண்டாவது கட்டத்தில் வேலை செய்கிறது. அது இயங்கத் துத்தநாகம் வேண்டும். ஈயம் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. நாற்காலி நிரம்பியிருக்கும், வேலை மட்டும் நடக்காது. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கும்போதே இந்த முடக்கத்தை அளவிட முடிகிறது. அந்த நேரத்தில் ஹீமோகுளோபின் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது.

இரண்டாவது கட்டம் அடைபட்டால் முதல் கட்டத்தின் சரக்கு தேங்கும். டெல்டா அமினோலெவுலினிக் அமிலம் என்று அதற்குப் பெயர். அது ரத்தத்தில் ஏறும், சிறுநீரில் வெளியேறும். நரம்புகளையும் அது பாதிக்கக்கூடியது. ஈய நஞ்சில் வரும் கொடிய வயிற்றுவலிக்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்த வலி குடல்வால் அழற்சியைப் போலவே இருக்கும் என்பதால், ஈய வேலை செய்பவர் வயிற்றுவலி என்று போனால் தன் தொழிலைச் சொல்லாமல் வரக்கூடாது.

அடுத்த அடி கடைசிக் கட்டத்தில் விழுகிறது. ஹீமுக்காகத் தயாரான வளைய வடிவ மூலக்கூறுக்குள் இரும்பைப் பொருத்துவது ஃபெரோகீலடேஸ் என்ற நொதியின் வேலை. ஈயம் இதையும் தடுக்கும். இரும்பு ஏறாத வளையத்தில் துத்தநாகம் ஏறிக்கொள்ளும். இப்படி உருவாவதுதான் ஜிங்க் புரோட்டோபார்ஃபிரின். ஆய்வகத்தில் சுருக்கமாக இசட்பிபி என்பார்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது பிறக்கும்போதே தவறாகப் பொருத்தப்பட்ட இந்த வளையம் அது சாகும்வரை கூடவே இருக்கும். அதனால் இசட்பிபி கடந்த மூன்று, நான்கு மாதக் கதையைச் சொல்லும் ஒரு நாட்குறிப்பு மாதிரி.

மூன்றாவது தாக்குதல் ஹீமோகுளோபினோடு நேரடித் தொடர்பில்லாதது. இளம் சிவப்பணு முதிரும்போது தன்னிடம் மிச்சமிருக்கும் ஆர்என்ஏவைச் சிதைத்து வெளியேற்ற வேண்டும். அதற்கான நொதியையும் ஈயம் முடக்கும். சிதையாத மிச்சம் திட்டுத்திட்டாகத் தங்கிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு முழுக்க நீலப் புள்ளி தெளித்தது போலத் தெரியும். இதுதான் பாசோஃபிலிக் புள்ளியிடல். கூடவே சிவப்பணுவின் மேலுறையில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறைக்கும் அமைப்பும் பழுதாகிறது. உறை இறுகி எளிதில் உடையும். ஆயுள் முடியும் முன்பே செல் அழியும்.

உற்பத்தி ஒரு பக்கம் குறைகிறது, இருப்பதும் சீக்கிரம் அழிகிறது. எலும்பு மஜ்ஜை சும்மா இருக்காது. அவசர அவசரமாகப் புதுச் செல்களை அனுப்பி ஈடுகட்டும். ரெட்டிகுலோசைட் என்னும் இளஞ்செல்களின் எண்ணிக்கை கூடுவது இதனால்தான். இந்த ஈடுகட்டல் தாக்குப்பிடிக்கும்வரை ஹீமோகுளோபின் சரியாகவே தெரியும். பெரியவர்களில் ஈய அளவு டெசிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமை ஒட்டி நீடிக்கும்போதுதான் பொதுவாக ரத்தசோகை வெளியே தெரிகிறது. சிறுநீரகமும் கெட்டிருந்தால், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சுரப்பும் குறைந்து நிலைமை மோசமாகும்.

எனவே ரத்தசோகை வந்த பிறகு ஈயத்தைத் தேடுவது, கூரை எரிந்து விழுந்த பிறகு புகை வந்ததா என்று விசாரிப்பதற்குச் சமம்.

படி 4: சரியான பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

"ரத்தம் டெஸ்ட் பண்ணணும்" என்றால் முழு ரத்த எண்ணிக்கைதான் செய்வார்கள். "ரத்த ஈய அளவு" என்று கேளுங்கள். வேலையில் சேரும் முன்பே ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. பிறகு ஏறும் எண் இந்த வேலையால் ஏறியதா என்ற கேள்விக்கு அதுவே சாட்சி.

மாதிரி எடுக்கும் விதம் மிக முக்கியம். நரம்பிலிருந்து, அதாவது சிரை என்னும் ரத்தக்குழாயிலிருந்து, எடுத்த ரத்தமே நம்பத்தக்கது. விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் தூசியே எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். விரல் சோதனையில் கூடுதலாக வந்தால் நரம்பு ரத்தத்தில் உறுதி செய்தாக வேண்டும். பட்டறைத் தளத்தில், வேலை உடுப்போடு உட்கார்ந்து கை நீட்டாதீர்கள். குளித்து, உடை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். நுண் உலோகங்களை அளப்பதற்கென்றே உள்ள தூய குழாயில்தான் ரத்தம் சேகரிக்க வேண்டும். எடுப்பவரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை.

படி 5: எண்ணைப் படியுங்கள், அலகையும் சேர்த்து

தாளில் 100 என்று பார்த்துப் பதறியவர்களும் உண்டு, 0.5 என்று பார்த்து நிம்மதியானவர்களும் உண்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதும், லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பதும், லிட்டருக்கு 0.48 மைக்ரோமோல் என்பதும் ஒன்றே. நான் இங்கே எல்லா இடத்திலும் டெசிலிட்டர் கணக்கையே சொல்கிறேன்.

உடம்புக்கு ஈயத்தால் எந்த நன்மையும் கிடையாது; இருக்க வேண்டிய அளவு என்று ஒன்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், யாராக இருந்தாலும் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து, அதைக் குறைக்க வேண்டும் என்கிறது. 5 முதல் 10 வரையிலான எண்களிலேயே ரத்த அழுத்தம் கூடுவதும் சிறுநீரகச் செயல்பாடு குறைவதும் ஆய்வுகளில் தெரிகிறது. கருவுற்றவர்களில் குழந்தையின் எடை குறைகிறது. 20-ஐத் தாண்டினால் வேலையிடத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். 40-க்கு மேல் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல், மூட்டுவலி, தூக்கக் கேடு, எரிச்சல், மறதி வரலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. 80, 100 என்று போனால் வலிப்பும் மூளை வீக்கமும் வரக்கூடிய ஆபத்து.

இங்கே சட்டத்தின் எண்ணையும் உடம்பின் எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி விதி 1978-இல் எழுதப்பட்டது. பொதுத் தொழிற்சாலைகளில் ஒருவரின் அளவு 60-ஐ எட்டினால், அல்லது சராசரி 50-ஐ எட்டினால், அவரை ஈய வேலையிலிருந்து விலக்கச் சொல்கிறது. 40-க்குக் கீழே வந்தால் திரும்ப அனுப்பலாம். 2007-இல் தொழில் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று, ஒரே சோதனையில் 30 அல்லது நான்கு வார இடைவெளியில் இருமுறை 20 வந்தாலே விலக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 70 என்று நெடுங்காலம் வைத்திருந்த உச்சவரம்பை 2024-இல் திருத்தியது. 2028 முடியும்வரை 30, பிறகு 15. எண் கீழே இறங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். மனித உடம்பு மாறவில்லை. "சட்ட வரம்புக்குள் இருக்கிறது" என்ற வரியைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒரே ஒரு எண்ணைவிட எண்களின் வரிசை அதிகம் பேசும். 8, 13, 19 என்று ஏறும் மூன்று அளவீடுகள், அசையாமல் நிற்கும் 22-ஐவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியவை.

படி 6: மற்ற சோதனைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஐந்து வாரம் போல ஆகும். ஆகவே ரத்த ஈய அளவு சொல்வது பெரும்பாலும் சமீபத்திய வாரங்களின் கதை. விடுப்பில் போய் ஒரு மாதம் கழித்து எடுத்த எண் அழகாக இருப்பதில் வியப்பில்லை. இசட்பிபி அப்போதும் உயர்ந்தே இருக்கும்; அது பழைய மாதங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மாறாக, ஈய அளவு ஏறி இசட்பிபி ஏறாமல் இருந்தால், தொடர்பு புதிதாக ஆரம்பித்திருக்கலாம்.

ஆனால் இசட்பிபியை மட்டும் நம்ப முடியாது. குறைந்த ஈய அளவுகளில் அது அசையவே அசையாது. பெரும்பாலும் 20-ஐத் தாண்டித்தான் ஏறத் தொடங்கும். இரும்புச்சத்துக் குறைவிலும் அது ஏறும். அதனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் ஈயத்தை மறந்துவிடலாம் என்று அர்த்தமல்ல. இரும்பு குறைந்த குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் இரண்டும் கைகோத்தே வரும்.

ரத்தப் படலத்தில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அது வலுவான குறிப்பு. தெரியாவிட்டால் ஈயம் இல்லை என்று ஆகாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களிடமும் அந்தப் புள்ளிகள் உண்டு. ரத்தசோகை வந்திருந்தால் செல்கள் சிறுத்து வெளிறியும் இருக்கலாம், சாதாரண அளவிலும் இருக்கலாம். செல்களின் அளவை மட்டும் பார்த்து இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் பலன் இல்லாமல் போவதும் நடக்கிறது. ஈறின் ஓரத்தில் கருநீலக் கோடு, மணிக்கட்டு தொங்குவது போன்ற பாடப்புத்தக அடையாளங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவை முற்றிய நிலையின் அடையாளங்கள்.

படி 7: எண் ஏறினால் முதலில் ஈயத்தை நிறுத்துங்கள், மருந்து பிறகு

முதல் சிகிச்சை, ஈயத்திடமிருந்து ஆளை விலக்குவது. எண் மிக அதிகமாக இல்லாத பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். 40 இருந்தால் ஐந்து வாரத்தில் 20, பத்து வாரத்தில் 10 என்று கணக்கு சொல்லும். பல ஆண்டு ஈயத்தில் வேலை செய்தவருக்கு அப்படி இறங்காது. பெரியவர்களின் உடம்பிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில் புதைந்திருக்கிறது. அங்கே அது பாதியாகக் குறையப் பத்து முதல் முப்பது ஆண்டு வரை ஆகலாம். ரத்தத்தில் இறங்க இறங்க எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

உடம்பிலிருந்து ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் கீலேஷன் மருந்துகள் உண்டு. சக்சிமர் மாத்திரையாகவும், கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ ஊசியாகவும் தரப்படும். பெரியவர்களில் எண் 100-ஐத் தாண்டினாலோ, 50-க்கு மேல் இருந்து அறிகுறிகளும் சேர்ந்தாலோ, மருத்துவர் இவற்றைப் பற்றி யோசிப்பார். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெயரில் கால்சியம் இல்லாத, வெறும் டைசோடியம் ஈடிடிஏவைத் தவறிக் கொடுத்தால் ரத்தத்தின் கால்சியம் சரிந்து உயிரே போகலாம். இந்தக் குழப்பத்தால் இறந்தவர்கள் உண்டு. இன்னொன்று, வேலையில் இருந்துகொண்டே "சுத்தம் பண்ண" இந்த மருந்தை எடுப்பது. ஒரு பக்கம் ஈயம் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது மறுபக்கம் மருந்து கொடுப்பது உறிஞ்சலையே கூட்டிவிடலாம். முன்தடுப்பு என்ற பெயரில் இதைத் தருவதை மேலே சொன்ன அமெரிக்க விதி வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. முதலாளி மாத்திரை கொடுத்து, புகை உறிஞ்சியைப் பொருத்தாமல் விட்டால், வாங்கி விழுங்காதீர்கள்.

கருவுற்றவரோ கருத்தரிக்கத் திட்டமிடுபவரோ எண் ஏறும்வரை காத்திருக்கவே கூடாது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும். கருக்காலத்தில் தாயின் எலும்பு கரையும்போது பழைய ஈயமும் கூடவே வெளியே வரும். ஆண்களுக்கும் விந்தணுவின் எண்ணிக்கையும் தரமும் குறைகிறது.

படி 8: தூசி எழும் இடத்திலேயே அதை மடக்குங்கள்

முடிந்தால் ஈயமே இல்லாத பொருளுக்கு மாறுவது முதல் வழி. முடியாவிட்டால், புகை கிளம்பும் வாயிலிலேயே அதை இழுத்து வெளியேற்றும் உறிஞ்சி. உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றடித்து உடுப்பைச் சுத்தம் செய்வதும் கூடாது. தரையில் கிடந்ததை மூக்குக்குக் கொண்டுவருவது அது. ஈரமாக்கித் துடையுங்கள், அல்லது மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்துங்கள்.

முகக்கவசம் கடைசி அரண். துணி மாஸ்க்கும் அறுவைசிகிச்சை மாஸ்க்கும் இந்தத் துகளுக்கு உதவாது. முகத்தோடு பொருந்துகிறதா என்று சோதித்த, உரிய வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். தாடி இருந்தால் விளிம்பில் காற்றுப் புகும்.

கிருமிநாசினி ஜெல்லால் ஈயம் போகாது. கழுவித் தேய்த்துத்தான் போக்க வேண்டும். சாதாரணச் சோப்பிலும் கொஞ்சம் மிஞ்சும் என்பதால், ஈயத்தை நீக்கவென்றே வரும் சோப்போ துடைப்புத் தாளோ கிடைத்தால் நல்லது. வேலை உடுப்பும் செருப்பும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. குழந்தையின் குடல் விழுங்கிய ஈயத்தில் பாதி வரை உறிஞ்சக்கூடியது. அப்பாவின் சட்டையைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்குப் பட்டறைத் தூசி அப்படியே போய்ச் சேரும். உங்கள் எண் ஏறியிருந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் சோதனை எடுத்துவிடுங்கள்.

படி 9: உங்கள் எண்களை நீங்களே வைத்திருங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். தேதி, ரத்த ஈய அளவு, அலகு, ஆய்வகம், விரலா நரம்பா, ஹீமோகுளோபின், இசட்பிபி. பக்கத்தில் அந்த மாதம் என்ன வேலை பார்த்தீர்கள், விடுப்பில் இருந்தீர்களா என்று ஒரு வரி. எண் 10-க்குக் கீழே இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 10 முதல் 19 வரை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 20-ஐத் தொட்டால் நான்கே வாரத்தில் மறுபடியும் எடுங்கள். நிறுவனம் மாறினால் கோப்பு உங்களோடு வராது, இந்த நோட்டு வரும்.

வேலையை விட்ட பிறகும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். எலும்பு முறிந்தாலோ, நீண்ட நாள் படுக்கையில் கிடக்க நேர்ந்தாலோ, தைராய்டு அதிகம் சுரந்தாலோ, எலும்பு வேகமாகக் கரையும். பத்து வருடத்துக்கு முன்பு புதைந்த ஈயம் மறுபடி ரத்தத்துக்கு வரும். அப்போது உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று தெரிந்திருக்காது. நோட்டை எடுத்து நீட்டுங்கள்.